பேனை படாத பிரதிகள்

ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் வெட்டியும் பயனில்லை. பால் சிரட்டைக்கு வராமல் பட்டை வழியே பரவி மண்ணில் போய்விடும். அதனால் மழை நாளில் தோட்டத்தில் யாருக்கும் பேர் போடமாட்டார்கள், அன்றைக்கு வேலையும் கூலியும் இல்லை. லயத்து ஆட்களுக்கு அது நட்டம். பால் வெட்டுகிற மார்ஜரிக்கு மட்டும், மகன் மைக்கலைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து, மழை நாள் என்றால் கொழும்புக்குப் போகிற நாள்.

2009ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் அப்படியொரு மழை பெய்தது. மார்ஜரியும் மகள் டொறீனும் விடியுமுன்பே மாத்தளை பஸ் நிலையத்துக்கு வந்து, கண்டிக்குப் போய், அங்கிருந்து கொழும்பு பஸ் ஏறினார்கள். டொறீனின் மடியில் ஆறு புத்தகங்கள் இருந்தன. இணைந்த கணிதம் இரண்டு, பௌதிகவியல் இரண்டு, இரசாயனவியல் இரண்டு. மைக்கல் மூன்றாம் முறை உயர்தரப் பரீட்சை எழுதுவதற்காக வத்தளையில் அறை எடுத்து, டியூஷன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். போன வருடம் ஜூலையில் படையினர் புலிகளைத் தேடி அந்தத் தெருவைச் சுற்றிவளைத்துச் சோதித்தபோது அறையில் இருந்த நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூவரை விட்டுவிட்டார்கள். மைக்கலை விடவில்லை. வழக்கும் போடவில்லை.

மறியல் சிறைக்குள்ளிருந்தே பரீட்சை எழுத அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. நலன்புரி அதிகாரி ஒருவர் கடிதம் எழுதித் தந்திருந்தார். அந்தக் கடிதத்தையும் புத்தகங்களையும் டொறீன் வாசல் மேசையில் வைத்தாள். காவலர் கடிதத்தை வாசித்துத் தலையை ஆட்டினார். பிறகு கணிதப் புத்தகத்தைத் திறந்தார். ஓரம் முழுக்க மைக்கலின் சின்னச் சின்னத் தமிழ் எழுத்து, நீலப் பேனையில். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் எழுத்து. அவர் கோபப்படவில்லை. அச்சடித்த புத்தகம் என்றால் உள்ளே விடலாம், கையெழுத்து இருந்தால் விட முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். இது கணக்கு, வெறும் கணக்குத்தான் என்றாள் டொறீன். கணக்காகவே இருக்கட்டும், எனக்கு வாசிக்கத் தெரியாத ஒன்றை நான் எப்படி உள்ளே அனுப்புவது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பரீட்சை ஆகஸ்டில். இருந்தது நான்கு மாதமும் சில நாட்களும்.

வீட்டுக்கு வந்ததும் அழிக்க முயன்றார்கள். பென்சில் கோடுகள் ரப்பருக்குப் போயின. ரப்பர் தேய்ந்ததும் மார்ஜரி பாண் ரொட்டியின் உள்சதையை உருட்டி அதால் தேய்த்தாள். பேனை எழுத்து அசையவில்லை. அழுத்தித் தேய்த்த இடத்தில் தாள் பஞ்சாகிக் கிழிந்தது. பௌதிகவியலில், திரவங்களின் பாகுநிலை பற்றிய பாடத்தின் ஓரத்தில், "வெயில் ஏறினால் ரப்பர் பால் ஏன் நின்றுவிடுகிறது? அம்மாவைக் கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தான். டொறீன் அதை வாசித்துக் காட்டினாள்.

"கேக்கவே இல்லையே அவன்," என்றாள் மார்ஜரி. கையிலிருந்த பாண் உருண்டையைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அழிக்கும் வேலை நடக்கவில்லை.

புதிதாக வாங்கலாம் என்று டொறீன் மாத்தளையிலும் கண்டியிலும் கடை கடையாக ஏறி இறங்கினாள். தமிழ் மொழிமூல விஞ்ஞானப் புத்தகங்களில் முக்கியமானவை யாழ்ப்பாணத்தில் அச்சானவை. யுத்தத்தால் அங்கே போகும் பாதை பூட்டி மூன்று வருடம் ஆகப்போகிறது. கடைக்காரர்கள் இருப்பு முடிந்தது என்றார்கள். ஒருவர், பழசு யாரிடமாவது இருந்தால் கொண்டு வா, நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்னதில்தான் அவளுக்கு யோசனை வந்தது. எழுதிய புத்தகத்தைக் கொடுத்து எழுதாத புத்தகத்தை வாங்க வேண்டும். அதற்கு ஆளைத் தேட வேண்டும்.

டொறீன் வேலை செய்தது மாத்தளை டவுனில் ஒரு மிளகு, கராம்புக் கடையில். புடைத்து, தரம் பிரித்து, சாக்கில் போட வேண்டும். எத்தனை தரம் கழுவினாலும் கையில் கராம்பு வாசம் போகாது. அந்தக் கடைக்கு எதிரே, திருகோணமலை வீதியில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் பலீல் இன்டர்நெட் கடை வைத்திருந்தார். நான்கு கம்ப்யூட்டர்கள். சவூதியிலும் குவைத்திலும் வேலை செய்யும் பெண்களோடு பேச வருகிற வீட்டார்தான் அவருடைய பெரும்பாலான வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு நடுவே, பழைய மோட்டார் சைக்கிள், தையல் மெஷின், கைப்பேசி என்று இணையத்தில் விளம்பரம் போட்டு விற்றும் கொடுப்பார். புத்தகம் விற்க வந்தவள் டொறீன் ஒருத்திதான்.

அவர் கதவோரமாகப் புத்தகங்களை அடுக்கி, வெயில் வெளிச்சத்தில் படம் பிடித்தார். லைட்டைப் போட்டுப் பிடித்தால் மட்டை பளபளத்துப் பெயர் தெரியாது என்றார். முன்மட்டை, பின்மட்டை, பொருளடக்கம் எல்லாவற்றையும் பிடித்தார். எந்த வருடத்துப் பதிப்பு என்பதைப் பெரிதாகப் போட்டார். பாடத்திட்டம் மாறப்போகிறது, அது தெரியாமல் ஒருவன் வாங்கிப்போய் நாளைக்கு வந்து சண்டை பிடிப்பான் என்று காரணமும் சொன்னார். ஆறையும் ஒரே கட்டாகப் போடுவதுதான் நல்லது. பிரித்தால் கணிதம் போய்விடும், இரசாயனவியல் மட்டும் கையில் நிற்கும்.

"வீட்டு விலாசம் போட வேணாம் தங்கச்சி. போன் நம்பர் மட்டும். ஆள் வந்தா பஸ் ஸ்டாண்ட்ல, தேத்தண்ணிக் கடையில, நாலு பேர் இருக்கிற எடத்துல வச்சுக் குடுங்க."

"சரி நானா."

"ஏன் விக்கிறீங்கன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில் வச்சிருக்கணும்."

அவருக்கு விஷயம் தெரியும். மாத்தளை டவுன் அவ்வளவு பெரிதில்லை.

"பொய் சொல்ல வேணாம்," என்றார் பலீல், திரையைப் பார்த்தபடியே. "முழுசையும் சொல்லவும் வேணாம்."

அன்று அவர்கள் ஒரு பிழை செய்தார்கள். பேனைக் குறிப்புகள் இருப்பதை விளம்பரத்தில் போடவில்லை. 'நல்ல நிலையில்' என்று மட்டும் போட்டார்கள். போட வேண்டாம் என்றவள் டொறீன்தான். மூன்று வாரம் கழித்துக் கண்டியிலிருந்து ஒருவர் வந்தார். செருப்புக் கடை வாசலில் நின்றபடியே ஒரு புத்தகத்தைத் திறந்தார், மூடினார். "நல்ல நிலைமைன்னா இதுதானா? பஸ் காசு யாரு தாரது?" என்றார். பலீல் அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகு மாடிக்கு வந்து விளம்பரத்தைத் திறந்தார்.

"கொறைய மொதல்ல சொல்லணும் தங்கச்சி. மறைச்சா அது கொறை. சொன்னா அதே சாமானுக்கு விசேஷம்." சிறிது யோசித்தார். "தம்பி எழுதினது சரியான வெளக்கமா?"

"மத்தப் புள்ளைங்க எல்லாம் அவன்கிட்டத்தான் வாங்கிக் கொப்பி பண்ணுவாங்க. பாஸ் பண்ணிட்டான் நானா, ரெண்டு தடவையும். கெம்பஸுக்குத்தான் புள்ளி காணல."

"அப்ப அதையே போடுவோம்."

ஒவ்வொரு பக்கத்திலும் தெளிவான தமிழ்க் குறிப்புகள் உண்டு என்று போட்டார். குறிப்புகள் உள்ள ஒரு பக்கத்தையே படம் பிடித்துச் சேர்த்தார். அதன் கீழே, எழுத்து எதுவும் இல்லாத சுத்தமான பிரதிகளுக்கு மாற்றிக்கொள்ளவும் விருப்பம் என்று எழுதினார். அது மே மாதத்தின் முதல் கிழமை.

மூன்றாம் கிழமை யுத்தம் முடிந்தது என்றார்கள். டவுனில் வெடி கொளுத்தினார்கள், சந்திக்குச் சந்தி பாற்சோறு கொடுத்தார்கள். மிளகுக் கடையில் கொடி கட்டினார்கள். டொறீனுக்கும் ஒரு வாழையிலைத் துண்டில் பாற்சோறு வந்தது. கூட வேலை செய்த சிங்களப் பெண் ஒருத்தி, சாப்பிடு, சாப்பிடாமல் வைத்தால் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். டொறீன் சாப்பிட்டாள். இனி மைக்கலை விட்டுவிடுவார்களா என்று மார்ஜரி அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரிடம் கேட்டாலும், பார்ப்போம் என்றுதான் சொன்னார்கள்.

அந்த வெடிச் சத்தம் அடங்கி ஒரு கிழமை கழித்து நாலந்தாவிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் தங்கேஸ்வரி. கணவர் இராசலிங்கம் அங்கே நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்து ஆட்கள், அரசாங்க விடுதியில் இருக்கிறார்கள். மூத்த மகனுக்கு வாங்கிக் கொடுத்த புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன என்றார். மகன் ஒன்றையும் திறக்கவில்லை, கனடாவுக்குப் போய்விட்டான். இளைய மகள் இப்போது கணிதப் பிரிவு படிக்கிறாள், தமிழில் சொல்லிக்கொடுக்க நாலந்தாவில் ஆள் இல்லை. குறிப்பு உள்ள புத்தகம் என்றால் நல்லது.

சனிக்கிழமை நாலந்தா சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் சந்திப்பது என்று முடிவாயிற்று. டொறீன் புத்தகங்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கட்டிக்கொண்டு தம்புள்ளை பஸ்ஸில் போனாள். வழியில் ஒரு தடுப்பில் எல்லோரையும் இறக்கினார்கள். பெண் சிப்பாய் ஒருத்தி கட்டை அவிழ்த்து, இரசாயனவியலில் குடுவைப் படம் இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். ஆசிரியையா என்று கேட்டாள். டொறீன் ஆமாம் என்றாள். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

தங்கேஸ்வரி கணவரோடு வந்திருந்தார். அவர்கள் கொண்டுவந்த ஆறும் கடையில் வாங்கிய அன்று இருந்தது போலவே இருந்தன. ஒட்டியிருந்த பக்கங்கள் பிரிக்கக்கூடப்படவில்லை. டொறீன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தாள். இவ்வளவு கவனமாகப் பார்க்கிறாளே என்று தங்கேஸ்வரி சிரித்தார்.

"பயப்பிடாதையும் பிள்ளை. எங்கட மகன் பேனையைத் தொட்டதே வீசாப் படிவம் நிரப்பத்தான்."

அவர் மைக்கலின் பௌதிகவியலைப் புரட்டினார். சில பக்கங்களில் நின்று வாசித்தார். "வடிவான எழுத்து. ஆற்றை?"

"தம்பியோட."

"இப்ப கெம்பஸோ?"

பலீல் நானா சொன்னதை டொறீன் நினைத்துப் பார்த்தாள். முழுசையும் சொல்ல வேண்டாம். ஆனால் இந்த அம்மா தன் மகளின் கையில் கொடுக்கப்போகிற புத்தகம் இது. நாளைக்கு அந்த விடுதியைச் சோதித்தால், இது யாருடைய எழுத்து என்று அந்தப் பிள்ளையிடம்தான் கேட்பார்கள்.

"உள்ள இருக்கான் அன்டி," என்றாள். "கொழும்புல. கேஸ் ஒன்னும் இல்ல. பரீட்சை எழுத விடுறாங்க, ஆனா எழுத்து இருக்கிற புத்தகம் உள்ளுக்கு விடமாட்டாங்களாம்."

தங்கேஸ்வரி புத்தகத்தை மூடவில்லை. இராசலிங்கம்தான் கடையின் வாசலைப் பார்த்தார். பிறகு மனைவியின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"நாங்கள் குவாட்டர்ஸிலை இருக்கிற ஆக்கள், பிள்ளை. போன வருசம் மட்டும் ரெண்டு தரம் வந்து அலுமாரியைக் கொட்டினவை. நீர் எங்கட புத்தகங்களைக் கொண்டு போம். உம்மடையும் கொண்டு போம்."

"சும்மா எப்பிடி சேர் வாங்கிறது?"

"சும்மா இல்லை. எங்கட பேரை ஒருதரிட்டையும் சொல்லக் கூடாது."

"அப்ப இவளுக்கு ஆர் படிப்பிக்கிறது?" என்று தங்கேஸ்வரி கேட்டார். "நீங்களோ? உங்களுக்குக் குளத்துக் கணக்கை விட்டா வேற என்ன தெரியும்?"

கடைக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இராசலிங்கம் மறுபடியும் கணிதத்தைத் திறந்து, ஒரு கணக்கை மைக்கல் இரண்டு வழியில் செய்து காட்டியிருந்த பக்கத்தை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய உதடுகள் அசைந்தன. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். கணிதம் இரண்டிலும் பௌதிகவியல் இரண்டிலும் உள்மட்டையில் இருந்த மைக்கலின் பெயரை, தாளின் மறுபக்கம் ஊறுகிற அளவுக்குக் கறுப்பாக அடித்தார். அடிக்கும் முன் டொறீனைப் பார்த்தார், அவள் தலையசைத்தாள்.

"கெமிஸ்ட்ரி வேண்டாம்," என்றார். "அது மட்டும் ஏலாது. குறை நினைக்காதையும்."

பலீல் நானா சொன்னபடி இரசாயனவியல் கையில் நின்றது. அவர் நினைத்த காரணம் வேறு. இங்கே, வெடிமருந்துப் பாடம் என்று சந்தேகிப்பார்களோ என்ற பயம்.

ஜூன் நடுவில் வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருநாள். மார்ஜரி லயத்துப் பெண்களோடு போனாள். புதிய புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சொரூபத்தின் பாதத்தில் வைத்து எடுத்து வந்ததாகச் சொன்னாள். டொறீன் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அந்தப் புத்தகங்களை அவள் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாயிற்று. கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள், கராம்பு எண்ணெய் பட்டுவிடும் என்று.

அடுத்த மழை ஜூன் கடைசியில் பிடித்தது. மறியல் வாசலில் அதே காவலர்தான் இருந்தார். அவருக்கு டொறீனை நினைவிருந்தது. கணிதத்தை எடுத்து நடுவில் திறந்தார், சுத்தம். கடைசியில் திறந்தார், சுத்தம். சிரித்தார். பிறகு முதல் பக்கத்தைத் திறந்தார். சிரிப்பு நின்றது. புத்தகத்தைத் திருப்பி டொறீனின் பக்கம் நகர்த்தினார்.

முதல் தாளின் உச்சியில், நடுவில், சிறிதாக மூன்று எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு புள்ளி. யே. ம. சூ. யேசு, மரி, சூசை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எந்தத் தாளில் எழுதத் தொடங்கினாலும் முதலில் அதைத்தான் போடுவார்கள். மார்ஜரி அங்கே மூன்றாம் வகுப்பு வரை படித்தவள்.

ஆறு புத்தகத்திலும் இருந்தது.

இது என்ன என்று காவலர் கேட்டார். சாமி பெயர் என்றாள் டொறீன். யாருடைய பெயர், ஏன் மூன்று எழுத்து, ஏன் புள்ளி, ஏன் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பினாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். உள்ளே இன்னொருவர் இதையே மறுபடி பார்ப்பார், அவர் என்னைக் கேட்பார் என்றார். எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டு போகலாம். இல்லாவிட்டால் அந்தத் தாளைக் கிழிக்கலாம்.

டொறீன் தாயின் பக்கம் திரும்பினாள்.

"என்னா சொல்றாரு?" என்றாள் மார்ஜரி. மகள் வாய் திறக்குமுன்பே, "கிழிக்கவா?" என்று தானே கேட்டாள்.

அவள் மேசையருகே வந்தாள். முதல் புத்தகத்தை இடது உள்ளங்கையில் விரித்து, தாளின் அடியில், தையல் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மேலே இழுத்தாள். முப்பது வருடம் ரப்பர் பட்டையை, மரத்தின் உள்ளே காயம் படாமல் சீவிய கை அது. தாள் ஒரே கோடாக வந்தது. அடுத்த தாள் அசையவில்லை. ஆறையும் அப்படியே எடுத்தாள். கிழித்த தாள்களை மடித்துத் தன் பைக்குள் வைக்கப் போனபோது காவலர் கையை நீட்டினார். எழுத்து இருந்த தாள் வெளியேயும் போகக் கூடாது. அவர் வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். புத்தகங்களில் முத்திரை குத்தினார்.

அன்று பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. மைக்கலைப் பார்க்க முடியவில்லை. திரும்பும் பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது.

"ஏன்மா எழுதினீங்க?" என்று டொறீன் கேட்டாள். "இந்த ஒரு காரியத்துக்காக மூனு மாசமா அலையிறோம். ஒரு புள்ளி இருக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்."

"நீ சொன்னதான்."

"அப்புறம்?"

மார்ஜரி கண்ணாடி வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதணும்னு எழுதல புள்ள. கோயில்ல உக்காந்து தொறந்து பாத்தேன். வெள்ளையா கெடந்திச்சு. அத அப்படியே எப்படி அவன் கையில குடுக்கிறது? பக்கத்துல ஒரு பொம்பள காணிக்கை கவர்ல பேர் எழுதிக்கிட்டு இருந்தா. அவகிட்ட பேனா வாங்கினேன்."

சற்று நேரம் கழித்து, "உன் மேல குத்தம் ஒன்னும் இல்ல," என்றாள்.

ஜூலை நடுவில் மழை இல்லாத ஒரு நாளில், பேரை விட்டுவிட்டு, மறுபடி போனார்கள். இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசினார்கள். மைக்கல் மெலிந்திருந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். புத்தகம் கிடைத்தது என்றான். கணிதம் முதல் பாகம் முடித்துவிட்டதாகச் சொன்னான். எழுதிப் பார்க்கத் தாள் குறைவு, சிமெந்துத் தரையில் கரியால் செய்து பார்த்துவிட்டு அழிக்கிறேன் என்றான். அவன் சொன்னதில் பாதியை டொறீன் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். நாலந்தாவைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

மார்ஜரி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ரப்பர் பால் கேள்வியை ஏன் தன்னிடம் கேட்கவே இல்லை என்று கேட்க நினைத்ததை அவள் கேட்கவில்லை. பாட்டாச் செருப்புக் கொண்டு வரவா, சவர்க்காரம் இருக்கிறதா என்றுதான் கேட்டாள்.

நேரம் முடிந்தது என்று உள்ளேயிருந்து விசில் அடித்தார்கள். மற்றவர்கள் திரும்பத் தொடங்கியதும் சத்தம் கொஞ்சம் தணிந்தது. மைக்கல் வலைக்குக் கிட்ட வந்தான்.

"அம்மா, ஆறுலயும் மொதத் தாள் இல்ல. கூட இருக்கிறவனுங்க பழைய புத்தகத்தக் குடுத்து ஏமாத்திட்டாங்கன்னு சொன்னானுங்க. நான் ஒன்னும் சொல்லல. நீங்க எப்பவும் போல எழுதியிருப்பீங்கன்னு பாத்ததும் தெரிஞ்சிருச்சு."

மார்ஜரி தலையைக் குனிந்தாள். "இனிமே எழுத மாட்டேன்யா."

"எழுதுங்க," என்றான் அவன். "கிழிச்சா கிழிக்கட்டும்."